பன்னிரண்டாம் தட்டைத் திருத்தாதவருக்கு

எல் பாசோ நகரின் தென்கோடியில், எல்லை கடக்கும் ஹுவாரெஸ் பாலத்துக்கு நான்கு தெரு முன்னால், டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே நிற்கும் ‘ஒற்றைக்கண்’ பதிப்பகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராக அமர்ந்து, எங்கள் மெக்சிகோ வழி மக்கள் எழுதிய விண்கலங்களையும் வேற்றுலகங்களையும் பேய்களையும் பொறிகளையும் வரி வரியாகப் படித்து, அவற்றுக்கு அட்டையும் முகவரியும் அளித்து, இன்று பணி நிறைவு பெறும் அம்மா என்னும் மரியாதையில் நாங்கள் ‘டோன்யா’ என்று அழைக்கும் பெருமதிப்பிற்குரிய அம்பாரோ லுஹான் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி வாசித்து வழங்கும் மடல்.

சிவப்புப் பென்சிலைச் செங்கோலாய்ப் பிடித்தவரே,
சந்தைக் கடையில் சனிக் கோளை விற்றவரே,
செத்தவர்க்கும் சரிபார்க்கும் உரிமை தந்தவரே, வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு எங்களுள் பக்கம் வடிவமைக்கும் சவுல் ஒர்னேலாஸுக்கு வந்தது. வாசிப்பவர் அச்சு இயந்திரம் ஓட்டும் சில்வெஸ்ட்ரே. இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அவருடையது. மடல் எல்லோருக்கும் பொது என்பதால், தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடங்களிலும் சவுல் ‘அவன்’ என்றே எழுதியிருக்கிறான். அப்படிச் சில இடங்கள் உண்டு. இறந்துபோன அவன் மனைவி யாதிராவின் நாவல் வெளிவருமா, வராதா என்பது நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவன் கையில் இருந்தது. அந்தக் கையை நீங்கள் ஒரு முறையும் பிடித்து இழுக்கவில்லை. உங்கள் சிறப்புகளில் அதைத்தான் நாங்கள் முதலில் வைக்கிறோம். ஆனாலும் தொடக்கத்திலிருந்து வருவோம்.

முதல் ஏழு ஆண்டுகள் பதிப்பகத்துக்குக் கட்டடம் கிடையாது. இடது விளக்கு உடைந்த ஒரு பிக்கப் வண்டிதான் இருந்தது. பதிப்பகத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. சனி, ஞாயிறுகளில் பழைய சாமான் சந்தையில் அதன் பின்கதவை இறக்கிப் புத்தகம் பரப்புவீர்கள். ஒரு பக்கம் காய்ந்த மிளகாய், மறு பக்கம் தேய்ந்த டயர், நடுவில் செவ்வாய்க் கோள். வெல்டிங் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாராம்.

“இது என்ன, சாமி கதையா?”

“இல்லங்க. ராக்கெட் கதை.”

“ராக்கெட்டுல நம்ம ஆளு என்ன பண்றான்?”

“பத்தவெக்கிறான். பின்ன அத யாரு பத்தவெச்சிருப்பாங்கன்னு நெனச்சீங்க?”

அவர் இரண்டு படிகள் வாங்கிப் போனார். ஒன்று தனக்கு, ஒன்று மேற்பார்வையாளர் மேசையில் போட. அந்தக் கேள்வியையும் பதிலையும் நீங்கள் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ‘ஒற்றைக்கண்’ எதற்காக இருக்கிறது என்று யார் கேட்டாலும் நாங்களும் இப்போது அதையே சொல்கிறோம்.

கிழக்குக் கரையிலிருந்து ஒரு பெரிய விநியோகஸ்தர் தொலைபேசியில் பேசிய பிற்பகல் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காது சரியாகக் கேட்கவில்லை என்று நீங்கள் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தீர்கள். உண்மையில் நாங்கள் கேட்க வேண்டும் என்றுதான் போட்டீர்கள். அவர் மரியாதையாகவே பேசினார். உங்கள் எழுத்தாளர்களிடம் ஆவி இருக்கிறது, அடுப்படி இருக்கிறது, அழுகை இருக்கிறது, அதெல்லாம் எங்கள் வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும், விண்கலம் எதற்கு என்றார்.

“எங்க ஆளுங்க நேத்திக்கு நடந்தத மட்டும்தான் எழுதணுமா?” என்று கேட்டீர்கள். “நாளைய யாரு பேருக்கு எழுதி வெச்சிருக்கீங்க?”

அந்த ஆண்டு அவர் எங்கள் புத்தகம் ஒன்றையும் எடுக்கவில்லை. நீங்கள் வண்டியை மறுபடி சந்தைக்குக் கிளப்பினீர்கள். இன்னொரு நகரத்தில் ஒரு கடைக்காரர் எங்களது சனிக் கோள் நாவலைச் சமையல் நூல்களோடு அடுக்கி வைத்திருந்தார். அட்டையில் சோளக்கதிர் இருந்ததாம். அவரைத் திருத்த நீங்கள் போகவில்லை. “இருக்கட்டும். சமைக்கிறவங்களும் படிக்கட்டும்,” என்றீர்கள். அந்தக் கடையில் அது நன்றாக விற்றது.

உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தபோது சவுலுக்கு இருபத்து நான்கு வயது. கல்லூரியில் இலக்கியம் படித்துவிட்டு வந்திருந்தான். முதல் வாரம் முந்நூறு பக்கத்தைக் கட்டி முடித்து, அதில் வந்த ஸ்பானியச் சொற்களை எல்லாம் அழகாகச் சாய்வெழுத்தில் போட்டு, பின்னால் ஓர் அருஞ்சொல் பட்டியலும் சேர்த்துக் கொண்டுவந்தான். நீங்கள் பட்டியலை உருவி அவன் கையில் கொடுத்தீர்கள்.

“காலேஜ்ல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, டோன்யா.”

“வீட்டுல சோறு கேக்கும்போது சாஞ்சுகிட்டா கேப்ப, மிஹோ? நேரா நிக்க வை.”

மகனே என்று பொருள்படும் அந்த ‘மிஹோ’வை நீங்கள் திட்டும்போதும் ஒரே குரலில்தான் சொல்வீர்கள், கொஞ்சும்போதும் அதே குரல்தான். எது எது என்று கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

நீதியில் நீங்கள் ஆள் பார்த்ததில்லை. சில்வெஸ்ட்ரே எழுதிய நாவல் அதற்குச் சாட்சி. மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ரத்தக்காட்டேரியின் கதை. அதை ஒன்பது முறை திருப்பித் தந்திருக்கிறீர்கள். “ரத்தம் ஜாஸ்தி, கதை கம்மி, கொம்பாத்ரே,” என்பதுதான் ஒன்பது முறையும் குறிப்பு. முப்பத்து நான்கு ஆண்டுத் தோழர், மகளுக்கு ஞானத் தாயாக உங்களை நிறுத்தி ‘கொம்பாத்ரே’ ஆனவர், உங்கள் புத்தகங்கள் அத்தனையையும் அச்சடித்தவர் என்றெல்லாம் பென்சிலுக்குத் தெரியாது. இதை வாசிக்கும்போது அவர் இங்கே ஒரு கணம் நிறுத்துவார் என்று எதிர்பார்க்கிறோம்.

இனி படையலுக்கு வருவோம்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ஊரில் எல்லா வீடுகளிலும் இறந்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். ‘ஒற்றைக்கண்’ணின் முன் சன்னலிலும் படையல் உண்டு. செண்டுப்பூ, திருநாள் ரொட்டி, பட்டை போட்ட காபி, எல்லாம் உண்டு. ஆனால் புகைப்படம் கிடையாது. இறந்த எழுத்தாளரின் அச்சாகாத நூல் ஏதாவது நம்மிடம் இருந்தால், திருத்தம் பார்க்க எடுக்கும் அச்சுப் படியான அதன் மெய்ப்பை எடுத்து வைத்து, பக்கத்தில் சீவிய சிவப்புப் பென்சில் ஒன்றை வைப்பீர்கள். மற்றவர்களின் ஆட்கள் சாப்பிட வருவார்கள், நம்முடையவர்கள் புரூஃப் பார்க்க வருவார்கள் என்பீர்கள். எழுத்தாளர் இறந்துவிட்டார் என்பதற்காக அவர் கடைசிப் பார்வை இல்லாமல் ஒரு நூலும் இங்கிருந்து போகக் கூடாது. ஒரு நவம்பராவது படையலில் இருந்த பிறகே இறந்தவரின் புத்தகம் அச்சேறும். இது உங்கள் முதல் விதி.

இரண்டாம் விதி ஒரு தவறிலிருந்து பிறந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் டெல்ஃபினோ அராகோன் கடிதங்களுக்குப் பதில் போடுவதை நிறுத்தியிருந்தார். சனிக் கோளின் நிலாவில் பனி வெட்டப் போகும் கூலியாட்களைப் பற்றிய அவருடைய இரண்டாம் நாவல் மெய்ப்பாக நம்மிடம் இருந்தது. அஞ்சலும் அனுப்புதலும் பார்க்கும் கிரேசியேலா, அராகோன் வீட்டில் சாவு என்று கோயிலில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். நாம் எல்லோரும் வருந்தினோம். நீங்களே பென்சில் சீவினீர்கள். நவம்பர் இரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு டெல்ஃபினோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். செத்தது அவருடைய சித்தப்பா. இவர் வீடு மாறியிருந்தார், அவ்வளவுதான்.

சன்னலில் தன் பெயரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் திருத்தினார். நடுவில் ரொட்டியைத் தின்றார். ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்.

“பொணத்துக்கு வெச்ச காபி ஆறிப்போச்சு. சூடா ஒண்ணு போடறது.”

கிரேசியேலா அடுப்படியில் நின்று அழுதபடியே சிரித்தார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே சுவரில் ஒட்டினீர்கள்: இனி இறந்தவரின் மெய்ப்பை அவருடைய உறவினர் தம் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும், வேறு யாரும் வைக்கக் கூடாது. டெல்ஃபினோ அன்று முதல் ஒவ்வொரு திருநாளுக்கும் வந்து ரொட்டி கேட்கிறார். ஒருமுறை வைத்துவிட்டால் அது உரிமையாம்.

அந்தக் காகிதம் ஒட்டியபோது சவுலுக்குத் திருமணம் ஆகி ஐந்து மாதம். யாதிராவும் அந்த அறையில் இருந்தாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான்.

யாதிரா போன்ஸே பள்ளியில் இயற்பியல் நடத்தினாள். அவள் தாய் பாலத்துக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகள் சாலிடர் பிடித்தவர். யாதிராவின் நாவலுக்கு ‘உள்ளிருந்து பற்றவைத்தவர்கள்’ என்று பெயர். பதினொரு பெண்கள் ஒரு விண்கலம் கட்டுகிறார்கள். பயணிகள் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வேலை முடியும் நாளில் கடைசி இணைப்பை அவர்கள் வெளியிலிருந்து பற்றவைக்கவில்லை, உள்ளிருந்து பற்றவைக்கிறார்கள். கையெழுத்துப் பிரதியை மூன்று நாளில் படித்துவிட்டு நீங்கள் அவளைக் கூப்பிட்டு, “இத நான் எடுத்துக்கறேன். கேள்வி இருக்கு, நிறைய இருக்கு. மெதுவா கேக்கறேன்,” என்றீர்கள். அது டிசம்பர். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது யாதிராவின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. வயது முப்பத்து ஒன்று.

சவுல் பத்தாம் நாள் வேலைக்கு வந்தான். பக்கம் கட்டினான். அந்த நவம்பரில் படையல் வைத்தபோது தேநீர் குடிக்க வெளியே போனான். அடுத்த நவம்பரிலும் போனான். அவன் மனைவியின் நாவலுக்கு மெய்ப்பே இல்லை. மெய்ப்பு எடுக்க வேண்டியவன் அவன்தான். கட்டினால் சன்னலில் வைக்க வேண்டும். வைத்தால் அவள் இறந்தவர்களின் வரிசைக்குப் போய்விடுவாள். வைக்காவிட்டால் நாவல் இல்லை. இரண்டும் அவனுக்குத் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தான்.

கிரேசியேலா உங்களிடம் கேட்டது அவன் காதில் விழுந்திருக்கிறது.

“நீங்க போட்ட விதிதானே, டோன்யா. நீங்களே மாத்திடலாமே.”

“விதிய ஒரு நிமிஷத்துல மாத்திடலாம். அவன எத வெச்சு மாத்தறது?”

அதற்குப் பதிலாக நீங்கள் செய்ததை இங்கே பதிய வேண்டும். யாதிரா இறந்த மறு மாதமான மார்ச் முதல், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி சவுலின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் யாதிராவின் பெயர். நீங்கள் இங்கே அவனுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து எழுதி, தபால் தலை ஒட்டி, தெரு முனைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவீர்கள். சில்வெஸ்ட்ரேயால் பொறுக்க முடியவில்லை.

“ஆளு எதுக்க உக்காந்திருக்கான். ஸ்டாம்ப் எதுக்கு?”

“அவனுக்கு எழுதல. அந்தப் புள்ளைக்கு எழுதறேன்.”

“அந்தப் புள்ள...”

“ஆசிரியருக்குக் கேள்வி இருந்தா எழுத்தாளர்கிட்டதான் கேக்கணும். நீங்க போய் மெஷின பாருங்க, கொம்பாத்ரே.”

சவுல் அவற்றைப் பிரிக்கவில்லை. எறியவும் இல்லை. சமையலறையில் கரண்டி வைக்கும் இழுப்பறைக்குக் கீழ் இழுப்பறையில் போட்டு வந்தான்.

இந்த ஆண்டு செப்டம்பரில் மருத்துவர் உங்கள் வலக் கண்ணில் இனிப் பார்வை திரும்பாது என்றும், இடக் கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் டிசம்பருக்கு மேல் மெய்ப்பு படிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். நீங்கள் அதை எங்களிடம் மதிய உணவின்போது சொன்னீர்கள். “ஒத்தக்கண்ணுன்னு பேர் வெச்சேன். பேரு பலிச்சுடுச்சு. எனக்கு அந்த உப்ப எடுங்க,” என்றீர்கள். யாரும் உப்பை எடுக்கவில்லை. சவுல் மட்டும் கணக்குப் போட்டான். இன்னும் ஒரு நவம்பர்தான். அதைத் தாண்டினால் யாதிராவின் நாவலை வேறு யாராவது படிக்கலாம், திருத்தலாம், அச்சிடலாம். அதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னவரால் படிக்க முடியாது.

அப்போதும் அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

அக்டோபர் முதல் தேதி கடிதம் வரவில்லை. இரண்டாம் தேதியும் வரவில்லை. மூன்றாம் தேதி சவுல் அஞ்சல் பெட்டிக்குள் கை விட்டு, நான்கு மூலையும் தடவிப் பார்த்தான். பிறகு வேலைக்கு வந்து உங்கள் மேசை முன் நின்றான்.

“லெட்டர் வரல.”

“எந்த லெட்டர்?”

“அவளுக்கு வர்றது.”

“கேள்வி தீந்துபோச்சு, மிஹோ. அம்பத்தஞ்சுதான் இருந்துச்சு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். நல்லா எழுதின கையி. அதுக்கு மேல கேக்க எனக்கு ஒண்ணுமில்ல.”

சனிக்கிழமை காலை அவன் இழுப்பறையைத் திறந்தான். ஐம்பத்தைந்து உறைகள். ஐம்பத்தைந்திலும் ஆறுதல் சொல் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் முதல் உறையோடு மூடியிருப்பான். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, கீழே உங்கள் பெயரின் முதல் எழுத்து.

‘பக்கம் 31. கலத்துக்குள் அடைத்த காற்று எத்தனை மணி நேரம் தாங்கும்? வேலைநிறுத்தம் ஆறு மணி நேரம் நடக்கிறது. பார்த்துச் சொல்லவும்.’

ஒன்பது மணி நேரம். யாதிரா அதை மின்கட்டண ரசீதின் பின்புறம் போட்டுப் பார்த்தாள். ரசீது இன்னமும் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. சவுல் பதிலை உங்கள் கேள்விக்குக் கீழேயே எழுதினான்.

‘பக்கம் 67. மேற்பார்வையாளர் இடது கைக்காரரா? பன்னிரண்டாம் பக்கத்தில் வலக் கையால் குறிக்கிறார்.’

இரண்டு கையும் வரும். யாதிராவின் மாமா ஒருவர் அப்படி. எழுதினான்.

இப்படி நாற்பத்தொன்பது கேள்விகளுக்கு அவள் எப்போதோ, பாத்திரம் கழுவும்போதோ வண்டி ஓட்டும்போதோ சொன்ன பதில் அவனிடம் இருந்தது. அவை தன்னிடம் இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. ஐந்துக்குத் ‘தெரியாது’ என்று எழுதினான். மிச்சம் ஒன்று.

‘பக்கம் 140. கலத்தில் பெண்கள் பதினொருவர். இங்கே பன்னிரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுகிறார்கள். பன்னிரண்டாவது யாருக்கு?’

யாருக்கும் இல்லை. யாதிரா ஆள் எண்ணினால் தன்னில் தொடங்கித் தன்னிலேயே முடிப்பாள். விருந்துக்கு எட்டுப் பேர் என்றால் மேசையில் ஒன்பது தட்டு இருக்கும். இயற்பியல் நடத்துகிறவளுக்கு எட்டு எண்ண வரவில்லையே என்று சவுல் கேலி செய்வான். கூடுதல் தட்டை எடுத்து அலமாரியில் திரும்ப வைப்பது அந்த வீட்டில் அவன் வேலை. ‘தவறு. பதினொன்று என்று திருத்தவும்,’ என்று எழுதி உறையை மூடினான்.

அக்டோபர் முழுதும் மதிய இடைவேளைகளில் அவன் அந்த நாவலைப் பக்கம் கட்டினான். கிரேசியேலா அவன் திரையைப் பார்த்துவிட்டார். பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பதிப்பக வரலாற்றில் அவர் சொல்லாமல் விட்ட செய்தி அது ஒன்றுதான்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குச் சவுல் இருநூற்று முப்பத்தாறு பக்க மெய்ப்பைத் தன் கையால் கொண்டுவந்து சன்னலில் வைத்தான். ஐம்பத்தைந்து பதில்களை முந்தின வாரமே உங்களிடம் தந்திருந்தான். நீங்கள் அவற்றை ஒரு கண்ணால் படித்து, பூதக்கண்ணாடி பிடித்து, நாற்பத்தொன்பது இடங்களையும் கையெழுத்துப் பிரதியில் குறித்துத் தந்திருந்தீர்கள். எல்லாம் மெய்ப்பில் ஏறியிருந்தன. பன்னிரண்டாம் தட்டு மட்டும் திருத்தப்படவில்லை. அதைக் குறித்துத் தர மறந்துவிட்டீர்கள் என்று அவன் நினைத்தான்.

“நூத்தி நாப்பதாம் பக்கம் மட்டும் பாக்கி, டோன்யா. அது தப்பு. பதினொண்ணு.”

“யாரோட தப்பு?”

“அவளோடது.”

“அப்ப அவ திருத்தட்டும்.”

“மத்ததையெல்லாம் நான்தானே எழுதிக் குடுத்தேன். அதையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களே.”

“அதெல்லாம் அவ சொன்னது, நீ எழுதின. இது நீ சொல்றது.”

மெய்ப்பை அந்தத் தட்டுகள் வரும் பக்கத்தில் திறந்து வைத்தீர்கள். பென்சிலை நீங்களே சீவி அதன் மேல் வைத்தீர்கள். காபி வைத்தீர்கள். டெல்ஃபினோ தமக்குரிய ரொட்டியை எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு கிண்டல் எதுவும் செய்யாமல் மூலையில் போய் உட்கார்ந்தார். சவுல் தேநீர் குடிக்க வெளியே போகவில்லை. தன் மேசையில் இருந்து வேலை பார்த்தான். சன்னல் அவனுக்கு முதுகுப் பக்கம். ஒருமுறையும் திரும்பவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நீங்கள் எழுந்து போய், பூதக்கண்ணாடியோடு பக்கத்தின் மேல் குனிந்தீர்கள். மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் நிதானமாகப் பார்த்தீர்கள். நாங்கள் நால்வரும் வேலையை நிறுத்திவிட்டோம்.

“எழுத்தாளர் பாத்துட்டாங்க,” என்றீர்கள். “மாத்தல. பன்னெண்டு அப்படியே இருக்கட்டும்.”

பக்கத்தின் அடியில், அச்சுக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள்.

சவுல் எழுந்து கழிவறைக்குப் போனான். குழாய் வெகு நேரம் ஓடியது. சில்வெஸ்ட்ரே இயந்திரத்தைப் போட்டார்.

“பேப்பரே இல்லாம ஓட்டறீங்க,” என்றார் கிரேசியேலா.

“சூடாகட்டும்னு போட்டேன்,” என்றார் அவர். குழாய் நிற்கும் வரை அது வெறுமனே ஓடியது.

நீங்கள் ரொட்டித் துணுக்குகளைச் சன்னலிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

டோன்யா அம்பாரோ அவர்களே,

‘உள்ளிருந்து பற்றவைத்தவர்கள்’ சென்ற வியாழக்கிழமை அச்சாகிவிட்டது. முதல் படி உங்கள் முன்னால் மேசையில் இருக்கிறது. நீங்கள் ஆசிரியராக இருந்து வெளியிட்ட நூற்றுப் பதினேழாவது நூல் அது. உங்கள் கடைசி நூலும் அதுதான். எங்கள் மக்களுக்கும் நாளை என்று ஒன்று உண்டு என்பதை நூற்றுப் பதினேழு முறை நிறுவிவிட்டுப் போகிறீர்கள். அதை மேலும் பேசினால், சொல் ஜாஸ்தி என்று ஓரத்தில் எழுதுவீர்கள்.

இனி உங்கள் காலை வேளைகள் உங்களுடையவை. இடக் கண் நெடுநாள் நிலைக்க வேண்டும்; அதைக் கொண்டு நீங்கள் திருத்த வேண்டியதில்லாத எதையாவது பார்த்து மகிழ வேண்டும்; மலையை, மழையை, பாலத்தில் நடந்துவரும் ஆட்களை. முழங்காலும் மூச்சும் ஒத்துழைக்கட்டும். நூறு வயதில் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஆறிப்போன காபியைக் குறை சொல்லுங்கள். உங்களுக்கு வைக்க வேண்டிய பென்சிலை நாங்கள் நெடுங்காலம் சீவாமல் இருக்க வேண்டும். சில்வெஸ்ட்ரேயின் நாவலைப் பத்தாவது முறை யாராவது வாய்விட்டு வாசித்துக் காட்டுவோம். காது நன்றாகக் கேட்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

வாசிப்பு முடிந்ததும் சாப்பாடு. பன்றிக்கறித் தமாலே, சிவப்பு மிளகாய்க் குழம்பு, நீங்கள் சொன்ன கடையிலிருந்தே வாங்கிய ரொட்டி. நீங்கள், சில்வெஸ்ட்ரே, கிரேசியேலா, டெல்ஃபினோ, சவுல் என்று நாம் ஐந்து பேர். மேசை போட்டவன் சவுல். ஆறு தட்டுகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து அலமாரியில் வைப்பது அவன் வேலை. இன்று அவன் வைக்கவில்லை.

அன்புடனும் நன்றியுடனும்,

சில்வெஸ்ட்ரே மோன்தோயா, அச்சு
கிரேசியேலா புஸ்தியோஸ், அஞ்சல்
டெல்ஃபினோ அராகோன், எழுத்தாளர் (உயிருடன்)
சவுல் ஒர்னேலாஸ், பக்க வடிவமைப்பு

‘ஒற்றைக்கண்’ பதிப்பகம், எல் பாசோ
டிசம்பர் பத்தொன்பது, மதியம்